வடிகால் யாருடையது என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டம் ஒன்றை ஒட்டிய தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியிருக்கிறீர்கள். கனமழை பெய்தால் பின்வரிசை வீடுகளுக்குள் வடிகால் நீர் ஏறிவிடுகிறது. அது தோட்டத்து வடிகால் என்று நகராண்மைக் கழகம் சொல்கிறது. நகராண்மைக் கழகம்தான் பார்க்க வேண்டும் என்று தோட்ட நிர்வாகம் சொல்கிறது. உங்கள் வட்டாரத்துக்கு நியமிக்கப்பட்ட கழக உறுப்பினரை யாரும் பார்த்ததில்லை. இதற்கிடையே தோட்டம் கைமாறிவிட்டது. அங்கேயே உழைத்து ஓய்வு பெற்று இன்னும் லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் உங்கள் தந்தைக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது, யாரிடம் போய்க் கேட்பது, சங்கம் அமைத்தால் பயன் உண்டா என்று கேட்கிறீர்கள்.

நான் வழக்கறிஞன் அல்லன். ஊராட்சி அலுவலகம் ஒன்றில் நீண்ட காலம் கிராணியாக (எழுத்தராக) இருந்து, ஓய்வுக்குப் பிறகு எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளராக இருந்து வருகிறேன். புகார்களை வாங்கிக் கோப்பில் சேர்த்த அனுபவமும், அதே முகப்பின் மறுபக்கத்தில் நின்று புகார் கொடுத்த அனுபவமும் எனக்கு உண்டு. நானும் தோட்டத்தில் பிறந்தவன் என்பதால், உங்கள் தந்தையின் கடிதத்தைப் பற்றிப் படித்தபோது அதை வேறு யாருக்கோ வந்ததாக என்னால் நினைக்க முடியவில்லை.

சட்டத்தைப் பேசுவதற்கு முன்னால் நம்முடைய பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் எல்லாமே ஒரே கையிலிருந்து வந்தன. வீடு, குழாய்த் தண்ணீர், விளக்கு, மருந்தகம், பிள்ளை மடுவம் (குழந்தைக் காப்பகம்), கோயில் திருவிழாவுக்கான விடுமுறை என அனைத்தும் நிர்வாகம் கொடுத்தவை. கூரை ஒழுகினால் மேற்பார்வையாளரான மண்டோரிடம் சொல்வோம். அவர் கிராணியிடம் சொல்வார். கிராணி தோட்ட மேலாளரான துரையிடம் சொல்வார். ஆளைப் பார்த்து, அவர் மனம் கோணாமல் கேட்டு வாங்குவதுதான் நமக்குத் தெரிந்த ஒரே வழியாக இருந்தது. ஊருக்கு வந்த பிறகும் அந்த வழியை விடாமல், துரை இருந்த இடத்தில் சட்டமன்ற உறுப்பினரை வைத்துக்கொண்டோம். இதற்காக நம் மக்களை நான் குறை சொல்ல மாட்டேன்; மூன்று தலைமுறைக்கு வேறு வழியே காட்டப்படவில்லை. ஆனால் ஊரில் அந்த ஒரே கை இல்லை. இங்கே ஒவ்வொன்றும் வேறு வேறு அலுவலகத்தின் பொறுப்பு. ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. யாரைத் தெரியும் என்பதைக் காட்டிலும், எது யாருடைய பொறுப்பு என்பதைத் தெரிந்துகொள்வதுதான் இங்கே காரியத்தை நகர்த்துகிறது.

நிலவரி நில அலுவலகத்துக்குப் போகிறது. ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்ட் இறுதிக்குள்ளும் நீங்கள் கட்டும் கதவு வரி, அதாவது மதிப்பீட்டு வரி, நகராண்மைக் கழகத்துக்குப் போகிறது. ஆறும் பெரிய நீர்வழிகளும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவைச் சேர்ந்தவை. மாநிலச் சாலையும் கூட்டரசின், அதாவது நடுவண் அரசின், சாலையும் பொதுப்பணி இலாகாவின் பராமரிப்பில் இருப்பவை. குப்பை விஷயத்தில் நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதே பதிலை மாற்றிவிடும். 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு மற்றும் பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட கெடா, பெர்லிஸ், பகாங், நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூர் ஆகிய மாநிலங்களில் குப்பை எடுப்பது கூட்டரசு ஏற்பாட்டின்கீழ் நடக்கிறது. பேராக்கும் சிலாங்கூரும் பினாங்கும் அச்சட்டத்தை ஏற்காததால், அங்கே ஊராட்சி மன்றமே, அதாவது உங்கள் நகராண்மைக் கழகம் போன்ற உள்ளூர் அமைப்பே, பொறுப்பு. நெகிரி செம்பிலானின் பகாவில் இருக்கும் மாமா சொன்ன தொலைபேசி எண்ணைப் பேராக்கில் இருப்பவர் அழைத்துப் பயனில்லாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் வடிகாலுக்கு வருகிறேன். இதை விரிவாகச் சொல்லக் காரணம், தோட்டப்புற ஊர்களில் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வடிவத்தில்தான் வருகின்றன: தாமானின் எல்லையும் தோட்டத்தின் எல்லையும் சந்திக்கும் இடத்தில் ஒரு வடிகால், ஒரு பாதை, அல்லது ஒரு விளக்குக் கம்பம் யாருக்கும் சொந்தமில்லாததுபோல் நிற்கும்.

மூன்று நிலைமைகள் இருக்கலாம். வடிகால் அரசு ஒதுக்கீட்டு நிலத்தில் இருக்கலாம். தோட்டத்தின் நிலப்பட்டாவுக்குள் இருக்கலாம். அல்லது தாமானைக் கட்டிய மேம்பாட்டாளர் அதை நகராண்மைக் கழகத்திடம் இன்னும் ஒப்படைக்காமல் இருக்கலாம். மூன்றாவது நிலைமை நம் ஊர்களில் சாதாரணம். வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் சாலைகளும் வடிகால்களும் முறையாக ஒப்படைக்கப்படும் வரை அவற்றைப் பராமரிக்கச் செலவு செய்ய மன்றம் தயங்கும். சாலைக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்குக் கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆவது விதியின்கீழ் மானியம் கொடுக்கிறது. அந்த மானியம் ‘மாரிஸ்’ என்ற சாலைப் பதிவேட்டில் அளந்து சேர்க்கப்பட்ட சாலைகளின் கணக்கில்தான் வருகிறது. பதிவேட்டில் இல்லாத சாலைக்கு அந்தப் பணம் வராது. தோட்டத்துக்குள் போகும் பாதைகள் தனியார் நிலத்தில் இருப்பதால்தான், கோயிலுக்கும் பள்ளிக்கும் போகிற பாதையாக இருந்தும், எத்தனையோ ஆண்டுகள் செம்மண்ணாகவே கிடக்கின்றன. எனவே சாலையைப் பற்றிப் புகார் எழுதும்போது, அந்தச் சாலை பதிவேட்டில் இருக்கிறதா, இல்லையென்றால் சேர்ப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியையும் எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதுவதற்காகவே அலுவலர் கோப்பைத் திறந்தாக வேண்டும்.

நிலம் யாருடையது என்பதை நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தித் தேடிப் பார்க்கலாம். நிலத்தின் லோட் எண் (மனை எண்) தெரிந்தால் போதும். பட்டா யார் பெயரில் இருக்கிறது, எந்த வகை நிலம், என்ன நிபந்தனை என்பதெல்லாம் அந்தத் தாளில் வந்துவிடும். எல்லையைக் காட்டும் வரைபடத்துக்கு நில அளவை இலாகாவை அணுக வேண்டும்.

எங்கள் தாமானில் இதே தகராறு ஓர் ஆண்டுக்கு மேல் இழுத்தது. இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருந்தபோது, பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்து, ஓய்வு பெற்ற பாட்டி ஒருவர் எங்களை அழைத்துக்கொண்டு போய், வடிகால் வளைகிற இடத்தில் லாலான் புல் மண்டிய ஒரு மேட்டைத் தம் குடையின் நுனியால் குத்திக் காட்டினார். “அந்தக் காலத்துல இந்த இடத்தோட நெறை (மரவரிசை) முடிஞ்சிரும், இந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் மரம் வெட்டினா மண்டோரு ஏசுவாரு” என்றார். மண்வெட்டியால் புல்லைச் செதுக்கினோம். காய்ந்த ஓலையும் நெகிழிப் பையும் சேறும் ஒரு முழம் ஆழத்துக்கு இருந்தன. அவற்றின் கீழே, ஒரு மூலை உடைந்த எல்லைக்கல் தலையைக் காட்டியது. வடிகால் கல்லுக்கு எங்கள் பக்கமாக, ஒதுக்கீட்டு நிலத்தில் ஓடியது. கல்லின் பக்கத்தில் அளவு நாடாவை நீட்டி வைத்து நான்கு படங்கள் எடுத்து, வரைபடத்தின் நகலோடு சேர்த்துக் கொடுத்தோம். ஓர் ஆண்டாக அசையாத காரியம் அதன் பிறகுதான் அசைந்தது. மூன்றாம் வாரத்தில் மண்வாரி இயந்திரம் வந்தது. அந்தப் பாட்டியின் பெயர் எந்தக் குறிப்பிலும் இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். பிற்பாடு எங்கள் சங்கக் கூட்டங்களில் முன்வரிசையில் அவருக்கு ஓர் இடம் வைத்தோம்.

உங்கள் இடத்தில் வடிகால் உண்மையிலேயே தோட்டத்தின் பட்டாவுக்குள் இருந்தால் என்ன செய்வது? அப்போதும் நகராண்மைக் கழகம் கைகழுவிவிட முடியாது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, தன் 80ஆவது பிரிவில், ஊராட்சி எல்லைக்குள் பொதுமக்களைப் பாதிக்கும் தொல்லைகளை, அவை பொது இடத்தில் இருந்தாலும் தனியார் இடத்தில் இருந்தாலும், அகற்ற நடவடிக்கை எடுக்கும் கடமையை ஊராட்சி மன்றத்தின்மேல் வைக்கிறது. அடுத்து வரும் பிரிவுகள் நில உரிமையாளருக்கோ அனுபவதாரருக்கோ அறிவிப்புக் கொடுத்துத் தொல்லையை நீக்கச் சொல்லும் அதிகாரத்தைத் தருகின்றன. ஆகவே “அது தோட்டத்து வடிகால்” என்று சொல்வதோடு பேச்சு முடிந்துவிடாது. “அப்படியானால் தோட்டத்துக்கு அறிவிப்பு எப்போது அனுப்பினீர்கள்?” என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். உங்கள் இடம் அந்த மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். கதவு வரி ரசீது இருந்தால் அதுவே போதுமான சான்று.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள் என்று நான் சொல்வதற்கு, முகப்பில் உட்கார்ந்திருந்த காலத்தில் நான் கண்டதே காரணம். வாய்ப்பேச்சாக வந்த புகார், அன்றைக்கு இருந்த அலுவலர் மாற்றலாகிப் போனால் அவரோடு போய்விடும். எழுத்தில் வந்தது கோப்பில் இருக்கும், தணிக்கைக்கும் வரும். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. தேதி, இடம், அருகிலுள்ள மின்கம்பத்தின் எண், எத்தனை வீடுகள், எந்த எந்தத் தேதிகளில் தண்ணீர் ஏறியது, எந்தப் பிரிவின்கீழ் என்ன நடவடிக்கை கேட்கிறீர்கள், எப்போதுக்குள் பதில் வேண்டும் என்பவை இருந்தால் போதும். ‘பலமுறை சொல்லியும் கண்டுகொள்ளவில்லை’ என்ற வாக்கியம் அலுவலரை ஒன்றும் செய்யாது. ‘இந்தத் தேதியில், இந்தப் புகார் எண்ணில் தெரிவித்தோம்’ என்ற வாக்கியத்துக்கு அவர் பதில் எழுதித்தான் ஆக வேண்டும். கடிதம் தேசிய மொழியில் இருக்கட்டும். தாமானில் மலாயில் நன்றாக எழுதும் பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் பெறப்பட்டதற்கான சாப்பையும் (முத்திரையையும்) தேதியையும் வாங்காமல் முகப்பை விட்டு நகராதீர்கள். என் அனுபவத்தில் இந்தச் சாப்புக்கு மக்கள் கொடுக்கும் மதிப்பு மிகக் குறைவு. அலுவலகம் கொடுக்கும் மதிப்பு மிக அதிகம். நியாயமான காலத்தில் பதில் இல்லையென்றால் அந்தப் பிரதியோடு பொதுப் புகார் பிரிவுக்கும், உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் போகவே கூடாது என்பதன்று என் கருத்து. கையில் ஆவணம் இல்லாமல் போனால் நாம் கேட்பது உதவியாகிறது. ஆவணத்தோடு போனால் அவருக்கு ஒரு வேலை கொடுத்தவர்களாகிறோம்.

கழக உறுப்பினரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவரை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால்தான் அவர் உங்களைத் தேடி வருவதில்லை என்பது என் உறுதியான கருத்து. இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகராட்சித் தேர்தல்கள் நடந்தன. நாடு சுதந்திரம் பெறுவதற்கு முன்பே நகர மக்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிற்றூர்களும் புதுக்கிராமங்களும்கூடத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் மன்றங்களைக் கண்டன. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் தளபதிகளில் ஒருவராக இருந்த ஜானகியின் கணவர். தேர்தல்களை மீண்டும் நடத்த வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. நம்மவர் ஒருவர் தலைமையில் இந்த நாட்டின் ஊராட்சிக்காக எழுதப்பட்ட அவ்வளவு முக்கியமான அறிக்கையை நம் பிள்ளைகள் பெயரளவில்கூட அறியாமல் இருக்கிறார்கள். அரசு பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் சட்டம் தேர்தல் முறையையே முடிவுக்குக் கொண்டுவந்தது. பினாங்கு மாநிலம் 2012இல் சட்டமியற்றி அதை மீட்க முயன்றது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் 10ஆவது பிரிவின்படி மன்றத்தில் தலைவரைத் தவிர 8க்குக் குறையாமலும் 24க்கு மிகாமலும் உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அவர்களை நியமிப்பது மாநில அரசு. நடைமுறையில் ஆளும் கட்சிகளுக்கு இடையே இடங்கள் பங்கிடப்படுகின்றன. ஒருவரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாது, மறுநியமனம் செய்யலாம். ஆனால் அதே பிரிவு, உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் அந்த எல்லைக்குள் வழக்கமாகக் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும் என்றும், ஊராட்சி அனுபவமோ தொழில் தகுதியோ, தம் சமூகத்தின் நலன்களை எடுத்துரைக்கும் திறமையோ உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே உங்கள் வட்டாரத்துக்குப் பொறுப்பானவர் யார், எந்த ஊரில் இருக்கிறார் என்று மன்றச் செயலாளருக்கு எழுதிக் கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை.

அதைவிடப் பயனுள்ள உரிமை 23ஆவது பிரிவில் இருக்கிறது. மன்றத்தின் முழுக் கூட்டங்கள், மன்றமே அந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு மூடினால் தவிர, பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. எங்கள் சங்கத்திலிருந்து மூன்று பேர் முதல் முறையாகப் போனபோது வாசலில் இருந்த காவலாளிக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே தொலைபேசியில் கேட்டுவிட்டு நாற்காலி போட்டார். நாங்கள் பேசவில்லை, பேசவும் அனுமதி இல்லை. குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் வட்டார உறுப்பினர் அன்றைக்குத்தான் எங்கள் தாமானின் பெயரை முதல் தடவையாக எழுந்து சொன்னார். மாதம் தவறாமல் ஒருவராவது போய் உட்காருங்கள். வேலைக்குப் போகிறவர்களால் முடியாது. ஓய்வு பெற்றவர்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.

கதவு வரி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மறுமதிப்பீட்டு அறிவிப்பு வீட்டுக்கு வந்தால் அதை மின்கட்டணச் சீட்டோடு சேர்த்துச் சுருட்டி வைக்காதீர்கள். அதே ஊராட்சிச் சட்டத்தின் 142ஆவது பிரிவின்கீழ் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அது மறுபரிசீலனைக்கு அறிவிப்பில் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாட்கள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் உயர் நீதிமன்றம் வரை போகலாம். வரி கட்டாமல் இருப்பது எதிர்ப்பாகாது. நிலுவை இருக்கும் வீட்டிலிருந்து வரும் புகாருக்கு அலுவலகத்தில் எப்படிப்பட்ட முகம் கிடைக்கும் என்பதை நான் அறிவேன்.

தோட்டம் கைமாறியிருக்கிறது என்பதால், உங்களுக்கு இனி வடிகாலைவிடப் பெரிய விஷயம் திட்டமிடல் அனுமதி. வாங்கியவர் அங்கே செம்பனையே நடப்போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோருக்குப் பிரித்துக் கைமாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். தோட்டத் துண்டாடல் நம் மக்களைத் தெருவில் நிறுத்திய காலத்தின் நினைவு அந்தப் பிரிவில் இருக்கிறது. அதே துன்பத்துக்கு மாற்றாகத்தான் அன்றைய ம.இ.கா. (மலேசிய இந்தியர் கட்சி) தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்து, 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172. ஒரு பகுதிக்கு உள்ளூர்த் திட்டம், அதாவது எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் திட்டம், இன்னும் நடைமுறைக்கு வராத நிலையில் யாராவது மேம்பாட்டுக்கு விண்ணப்பித்தால், அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு வர வேண்டும்; 21 நாட்களுக்குள் அவர்கள் ஆட்சேபம் சொல்லலாம், நேரில் விசாரிக்கப்படக் கேட்கலாம். உள்ளூர்த் திட்டம் இருந்தாலோ, அது வரைவு நிலையில் காட்சிக்கு வைக்கப்படும்போதே கருத்துச் சொல்லியிருக்க வேண்டும். நம்மவர் தவறவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் மலாயில் ஒட்டியிருக்கும் ஒரு தாள் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு நம் கொல்லைப்புறத்தில் என்ன வரும் என்பதை முடிவு செய்துகொண்டிருக்கும்.

2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் ரிம்பா கியாரா பூங்கா வழக்கில் அளித்த தீர்ப்பை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் தங்கள் பூங்காவில் அடுக்குமாடிகள் கட்ட மாநகர் மன்றம் கொடுத்த அனுமதியை எதிர்த்தார்கள்; நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய தீர்ப்பு அவர்களுக்கு வழக்காடும் தகுதி உண்டு என்று ஏற்று, அனுமதி செல்லாது என்றது. குடியிருப்பாளர் உரிமைக்கு அது பெரிய வெற்றி. ஆனால் அந்தத் திட்டத்தில் இன்னொரு தரப்பும் இருந்தது. முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர்களின் குடும்பங்கள், 1980களின் தொடக்கத்திலிருந்து தற்காலிக நீள்வீடுகளில் இருந்துகொண்டு, நிரந்தர வீடு கிடைக்கும் என்ற வாக்குறுதியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கான வீடுகளும் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாகக் காட்டப்பட்டன. பூங்காவைக் காத்தவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பலர் நீள்வீட்டு மக்களுக்கு அங்கேயே தனியாக வீடு கட்டிக் கொடுக்கச் சொல்லிப் பேசியவர்கள். நான் உங்களுக்குச் சொல்ல வருவது இது: உங்கள் தாமான் சங்கம் வரப்போகும் மேம்பாட்டை எதிர்க்கும் நாளில், லயத்தில் இருக்கும் உங்கள் தந்தையைப் போன்றவர்களின் கோரிக்கையும் அதே கடிதத்தில், அதே அழுத்தத்தில் இருக்க வேண்டும். தாமான்காரர்கள் ஒரு பக்கம், லயத்துக்காரர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றால், ஒருவரைக் காட்டி இன்னொருவரை மறுப்பது எளிதாகிவிடும்.

இனி தந்தையின் வீட்டுக்கு வருகிறேன். இங்கே சட்டம் நமக்குக் கொடுப்பது குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், அதாவது சட்டம் 446, தோட்டத்தில் வீடு கொடுக்கும் முதலாளி குழாய் நீரும் மின்சாரமும் தர வேண்டும், வீடுகளைப் பழுதுபார்த்துச் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக வைக்க வேண்டும் என்கிறது. அதைக் கண்காணிப்பது தொழிலாளர் இலாகா. ஆனால் அது வேலையில் இருக்கும் தொழிலாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம். ஓய்வு பெற்றவர் வாழ்நாள் முழுதும் அந்த வீட்டில் இருந்திருந்தாலும், வீட்டின்மேல் உரிமை அவருக்குத் தானாக வந்துவிடுவதில்லை. தோட்டம் கைமாறியதால் வேலையை இழந்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்களுக்கு 1980ஆம் ஆண்டின் பணிநீக்கச் சலுகை விதிமுறைகள் பொருந்தலாம்: இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். அதில் வீடு இல்லை. தோட்ட மக்கள் இத்தனை ஆண்டுகளாகப் போராடி வருவது இந்த இடைவெளியை எதிர்த்துத்தான்.

இருந்தாலும் கடிதம் வந்ததும் மூட்டை கட்ட வேண்டியதில்லை. குடியிருப்பவர் தாமாக வெளியேறாவிட்டால், உரிமையாளர் நீதிமன்ற உத்தரவு பெற்றுத்தான் வெளியேற்ற முறைப்படி முயல வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ வெட்டி மிரட்டினால் அன்றே போலீசிலும் தொழிலாளர் இலாகாவிலும் புகார் செய்யுங்கள். எந்தத் தாளிலும் ‘காலி செய்ய ஒப்புக்கொள்கிறேன்’ என்று தந்தை கையெழுத்துப் போட வேண்டாம். அன்பளிப்புப் பணம் என்று சொல்லி ஒரு வவுச்சரை நீட்டினாலும் அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி இலாகாவும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. நடைமுறையில் மாற்று வீடு வாங்கித் தந்தவை பெரும்பாலும் பேச்சுவார்த்தைகள்தான். மேம்பாட்டு அனுமதிக்கு விண்ணப்பம் மாநில அரசின் மேசையில் இருக்கும் நாட்களில்தான் புதிய உரிமையாளர் பேசுவதற்கு இணங்குவார். அனுமதி கிடைத்துவிட்டால் உங்கள் கையில் இருந்த பிடி போய்விடும். அதனால்தான் விண்ணப்பம் எப்போது போகிறது என்பதை முன்னதாகவே அறிந்துகொள்ளச் சொல்கிறேன்.

சங்கம் அமைக்கலாமா என்றால், அமையுங்கள். ஏழு பேர் இருந்தால் 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். ருக்குன் தெத்தாங்கா அண்டை அயலார் ஒற்றுமைக்கும் பாதுகாப்புச் சுற்றுக்காவலுக்கும் நல்ல அமைப்பு. ஆனால் அது ஒருமைப்பாட்டு இலாகாவின் ஏற்பாட்டில் இயங்குவது. நகராண்மைக் கழகத்தோடு மல்லுக்கு நிற்க உங்களுக்கென்று தனிச் சங்கம் இருப்பது நல்லது. மலாய்க்காரர், சீனர் வீடுகளையும் சேருங்கள். வடிகால் நீர் வாசலில் யார் பெயர் என்று பார்த்து ஏறுவதில்லை. தலைவர் பதவிக்குப் போட்டி வரும். வரட்டும். செயலாளர் பதவிக்குப் பெரும்பாலும் போட்டி இருக்காது. அந்த இடத்துக்குக் கோப்பைப் பத்திரமாக வைத்து, தேதியை மறக்காமல் நினைவூட்டுக் கடிதம் எழுதுகிற ஒருவரைப் பிடித்துப் போடுங்கள். நான் கண்ட வரையில் அந்த வேலையைப் பெண்களே நன்றாகச் செய்கிறார்கள். எங்கள் சங்கத்தின் இப்போதைய துணைச் செயலாளர் பள்ளிச் சிற்றுண்டிக் கடை நடத்தும் ஓர் அக்கா; சங்கம் இதுவரை எழுதிய பதினொரு கடிதங்களின் நகல்களும் அவருடைய பிஸ்கட் டப்பாவில் தேதி வாரியாக இருக்கின்றன. கூட்டம் தமிழில் நடக்கட்டும், குறிப்பு மலாயிலும் இருக்கட்டும். பிற மொழிக்காரர் சேர்ந்த பிறகு கூட்டத்தையும் மலாயில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் பெரு மழை தொடங்குவதற்குள் வடிகாலைப் பற்றிய முதல் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். தந்தையின் காரியத்துக்கு அவ்வளவு நாள்கூட இல்லை. அவர் எத்தனை ஆண்டுகள் அந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதை ஆவணத்தால் காட்ட வேண்டியிருக்கும். ஊழியர் சேமநிதியின் பழைய கணக்கறிக்கைகளில் முதலாளியின் பெயரும் ஆண்டும் இருக்கும். பழைய சம்பளச் சீட்டு, தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை, லயத்து முகவரி எழுதிய உங்கள் பிறப்புப் பத்திரம், தமிழ்ப்பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் எல்லாமே உதவும். அப்பாவைக் கேட்டால் எதுவும் இல்லை என்றுதான் சொல்வார். அம்மாவைக் கேளுங்கள், சாமி மேடைக்குக் கீழே இருக்கும் தகரப் பெட்டியில் பாருங்கள்.